மூக்கு ராசா

புளியில் ஊறிய பெருவிரலால் ராசாவின் மூக்கை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள் சுருளியம்மாள். கொல்லையில் துவைகல்லின் மேல் எவர்சில்வர் தட்டு. தட்டு நிறைய வெள்ளிக்காசுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கையில் பாதியை மறைக்கிற அகலம். பக்கத்தில் சிரட்டையில் திருநீறு.

கறுப்பு முதலில் நகர்வதாக இல்லை. விளக்கில் ஏறிக்கிடக்கும் எண்ணெய்ப் பிசுக்கு என்றால் அவளுக்குத் தெரியும், இரண்டு தேய்ப்பில் போய்விடும். இது தோலோடு பிறந்த நிறம் மாதிரி ஒட்டிக்கிடந்தது. அவள் விடவில்லை. புளி, தண்ணீர், திருநீறு, மறுபடியும் புளி. கன்னத்து மேட்டில் ஒரு கீற்று வெளுத்தது. பிறகு நெற்றி. பிறகு கண் திறந்துகொண்டது. உதட்டோரத்தில் ஒரு மடிப்பு தெரிந்தது. சிரிக்கிறாரா, சலித்துக்கொள்கிறாரா என்று சொல்ல முடியாத மடிப்பு. இத்தனை வருசமாக இந்த முகத்தோடுதான் அலமாரிக்குள் கிடந்தீரா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். கறுப்புத் தண்ணீர் துவைகல்லிலிருந்து வழிந்து கருவேப்பிலைச் செடியின் தூரில் போய் நின்றது.

தெருவில் மலைக்குப் போகிற ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. தூக்குவாளிகள் இடிபடும் சத்தம், பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளி உட்காரச் சொல்லும் சத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை வெள்ளைத்துரையும் அந்த ஜீப்புகளில் ஒன்றில் முன்சீட்டில் உட்கார்ந்து போடிமெட்டுக்கு மேலே இருக்கிற தன் ஏலத்தோட்டத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். இப்போது உள்ளறையில் சன்னல் ஓரமாகப் படுத்திருந்தார். மதுரை ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன டாக்டர் சின்ன வயசுக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வெள்ளைத்துரைதான் அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். சர்க்கரை முதலில் அவருடைய கண்ணை வாங்கியது, பிறகு சிறுநீரகத்தை. காரில் திரும்பி வரும்போது உசிலம்பட்டி தாண்டியதும், "மலை தெரியுதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தெரிகிறது என்றாள். அதற்கப்புறம் வீடு வந்து சேரும்வரை பேச்சில்லை.

அவர் எப்போதுமே அப்படித்தான். பேச்சை அளந்து பேசுகிறவர் என்று ஊரில் சொல்வார்கள். அளக்கிறதற்குக்கூட ஏதாவது இருக்க வேண்டும் என்று சுருளியம்மாள் நினைத்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில் அந்த மௌனத்தைக் கோபம் என்று நினைத்துப் பயந்தாள். கொஞ்ச காலம் கழித்து அது கர்வம் என்று நினைத்தாள். அதற்கப்புறம் எதுவும் நினைப்பதை விட்டுவிட்டாள். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பேச வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் காசுகளைப் பற்றி மட்டும் பேசுவார். அதுவும் எப்போதாவது, மழைநாளில், மலைக்குப் போக முடியாமல் வீட்டில் அடைந்து கிடக்கும்போது. முதல் காசு மட்டாஞ்சேரியில் கிடைத்தது. ஏலக்காய்ச் சரக்கோடு கொச்சிக்குப் போனவர், ஒரு பழைய சாமான் கடையில் சங்கிலிகளுக்கும் பூட்டுகளுக்கும் நடுவே கிடந்த அதைக் கையில் எடுத்திருக்கிறார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை. ஸ்பெயின் தேசத்து ராசா. அந்த ராசாவுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், வெள்ளி மலைகள் இருந்தன. மெக்ஸிகோ என்ற ஊரில் அந்த வெள்ளியைக் காசாக அடித்தார்கள். அது கப்பல் கப்பலாக உலகம் முழுக்கப் போய், கடைசியில் மிளகுக்கும் ஏலத்துக்கும் விலையாக மலையாளக் கரையில் இறங்கியது. "நம்ம மலையில வெளஞ்ச காய்க்கு எங்கயோ இருக்கிற ராசா காசு குடுத்திருக்கான் பாரு" என்று அவர் சொன்னபோது, தன் தாத்தாவுக்கு யாரோ மரியாதை செய்துவிட்டது போல முகம் மலர்ந்திருந்தது. அதற்குப் பிறகு கொச்சி, மதுரை, நாணயக் கண்காட்சி நடக்கிற ஊர்கள் என்று எங்கே போனாலும் கண் அதிலேயே இருந்தது. பக்கத்து ஊரான தேவாரத்தில் உரக்கடை வைத்திருக்கும் ஜக்கையனுக்கும் இதே கிறுக்கு. அதனால் துணைக்கு ஆளும் கிடைத்தது.

சுருளியம்மாளுக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. அவள் ராசாக்களை முகத்தை வைத்து அடையாளம் கண்டாள். நீண்ட மூக்கு உள்ளவர் மூக்கு ராசா. அவர் மகன் உப்பின கன்னத்துக்காரர், அவர் பணியார ராசா. பேரன் தாடை ராசா. ஒரு காசில் முகத்தின் மேல் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. அந்தக் காலத்து வியாபாரிகள் வெள்ளி நிசமா என்று சோதித்துக் குத்திய முத்திரை அவை என்று வெள்ளைத்துரை சொன்னார். அவள் அதற்கு அம்மை போட்ட ராசா என்று பெயர் வைத்தாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஜக்கையனிடம் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அடுத்த தடவை வந்தபோது ஜக்கையன் வாசலிலேயே, "மதினி, அம்மை எறங்கிருச்சா, தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

மூக்கு ராசாவின் கதைதான் அவளுக்குப் பிடிக்கும். அவர் மாட்ரிட்டில் ஒரு மார்கழியில் செத்துப்போனார். சேதி கடல் தாண்டி மெக்ஸிகோவுக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆயின. அதுவரை அங்கே அவர் முகத்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். சேதி வந்த பிறகும், புது ராசாவின் முகம் எப்படி இருக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அதனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, அப்பன் முகத்தையே மகன் பெயரில் அடித்தார்கள். வெள்ளைத்துரையிடம் இருந்தது அதற்கும் முந்தைய காசு. ராசா செத்துப்போன பிறகு, அது தெரியாதவர்கள் அடித்தது. அதைத்தான் அவர் அடிக்கடி எடுத்துப் பார்ப்பார். விளிம்பில் இரண்டு விரலால் மட்டும் பிடித்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முகத்தில் விரல் பட விடமாட்டார். மற்றவர்கள் கை பட்டாலும் பிடிக்காது. ஈரக்கையோடு அந்தப் பக்கம் போகாதே என்று ஒரு தடவை சொன்னார். வீட்டில் அவர் கண்ணாடிக்கும் ரேடியோவுக்கும் அதே சட்டம்தான் என்பதால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அவர் கேட்டார். "அந்தப் பெரியவரைக் கொண்டா." அவள் அலமாரியைத் திறந்து, சதுர அட்டைக்கு நடுவே கண்ணாடித்தாளுக்குள் இருந்த மூக்கு ராசாவை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. "ஒண்ணும் தெரியல சுருளி. கருகருன்னு இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொண்டார்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு இந்த யோசனை வந்தது. போவதற்குள் ஒரு தரமாவது அந்த முகத்தை அவர் பார்த்துவிட வேண்டும். அவள் கையில் இருந்தது அது ஒன்றுதான். மற்ற எதற்கும் மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். கறுப்புக்கு அவளிடம் மருந்து இருந்தது.

அட்டைகளைப் பிணைத்திருந்த பின்களை அரிவாள்மனை நுனியால் நெம்பி எடுத்து, எல்லா ராசாக்களையும் தட்டில் கொட்டினாள்.

துடைத்து முடித்தபோது தட்டு கண்ணைக் கூசவைத்தது. பூசை நாளில் விளக்கு துலக்கி வைத்ததும் வருகிற நிறைவு அவளுக்கு வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"என்னங்க. இந்தா பாருங்க யாரு வந்திருக்கான்னு."

அவரைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, மூக்கு ராசாவைக் கையில் கொடுத்தாள். பழக்கத்தில் அவர் விரல்கள் விளிம்பைத்தான் பிடித்தன. சன்னல் வெயில் காசின் மேல் விழுந்தது. அதிலிருந்து ஒரு வெளிச்சம் தெறித்து அவர் தாடையில் வந்து நின்றது. அவர் அசையாமல் இருந்தார். நகத்தால் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு நுனிவிரலால் லேசாகத் தொட்டார், சூடு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. தொட்ட விரல் அப்படியே நின்றது.

"மூக்கு தெரியுதா?" என்று கேட்டாள்.

வெளியே கடைசி ஜீப்பும் கிளம்பிப் போய்விட்டது. தெரு அடங்கிக்கொண்டது.

"புளி போட்டியா?" என்றார்.

"புளியும் திருநீறும். ரொம்ப நேரம் புடிச்சது."

"ம்."

அவர் முகத்தில் எதுவும் இல்லை. அவள் தேடினாள். எதுவும் இல்லை. பிறகு அவர் காசை உள்ளங்கையில் வைத்து, பெருவிரலை ராசாவின் கன்னத்தில் முழுசாகப் பதித்து அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்கவில்லை. "தெரியுது" என்றார். "நல்லாத் தெரியுது." கண்ணை மூடிக்கொண்டார். இமையோரத்தில் ஈரம் இருந்தது. அந்தக் கண்களில் கொஞ்ச நாளாக எப்போதும் ஈரம்தான்.

மற்ற காசுகளையும் காட்ட அவள் தட்டை எடுத்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். தட்டைக் கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்தாள்.

மதியம் கஞ்சியை வாயில் வாங்கிக்கொண்டு விழுங்காமல் வைத்திருந்தார். வெயில் சன்னலை விட்டு இறங்குவதற்கு முன்னால் மூச்சு நின்றது. நின்றதே அவளுக்குத் தெரியவில்லை. விசிறிக்கொண்டே இருந்தாள். மருமகள் சுஜிதாதான் வந்து பார்த்துவிட்டு, அவள் கையிலிருந்து விசிறியை வாங்கிக் கீழே வைத்தாள். சுஜிதாவின் அழுகைச் சத்தம் கேட்டு ஆட்கள் வருவதற்குள், மூடியிருந்த அவர் விரல்களைச் சுருளியம்மாள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காசை எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

வீடு நிறைந்தது. பந்தல்கால் ஊன்றினார்கள். தேனியில் வேலை பார்க்கும் மகன் ஈஸ்வரன் வந்து, வாசலிலேயே கொஞ்ச நேரம் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றான், எதையோ மறந்துவிட்டு வந்தவன் மாதிரி. பிறகு உள்ளே வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான். சேதி சொல்ல எல்லா ஊருக்கும் போன் பறந்தது. தோட்டத்துக்கு மட்டும் போன் போகவில்லை. அங்கே சிக்னல் எப்போதுமே கிடைக்காது. ஜீப்புக்கார அமாவாசை, தானே போய்ச் சொல்லி ஆட்களைக் கூட்டிவருவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

"வெரசாப் போயிட்டு வா அப்பு" என்று யாரோ சொன்னார்கள்.

ஜீப்பு கிளம்பும் சத்தத்தைச் சுருளியம்மாள் உள்ளே இருந்து கேட்டாள். மனம் அதன் பின்னாலேயே போயிற்று. முந்தல் சோதனைச்சாவடி. அப்புறம் வளைவுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே இந்நேரம், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பொன்னுமணி காய் உலர்த்தும் அறையில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருப்பாள். அடுத்த காய் எடுப்புக்கு முதலாளி வந்துவிடுவார் என்று வேலையாட்களிடம் அதட்டிக்கொண்டிருப்பாள். ஜீப்பு போய்ச் சேரும்வரை அங்கே அவர் இருக்கிறார். வெளியே காட்டாமல் யார்மீதோ கோபப்பட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏலச்செடிகளுக்கு நடுவே குனிந்து நடக்கிறார். அமாவாசை மெதுவாகவே போகட்டும் என்று நினைத்தாள். ஏதாவது ஒரு வளைவில் யானை நின்று வழியை மறித்தாலும் நல்லதுதான்.

குளிப்பாட்டி, புதுவேட்டி கட்டி, நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நெற்றியில் காசு வைக்க வேண்டும். யாரோ ஒரு ரூபாயை எடுத்து நீட்ட, வெள்ளைத்துரையின் அக்கா சந்திரவல்லி தடுத்தாள். அழுகைக்கு நடுவிலும் அவள் குரல் கணீரென்றுதான் இருந்தது.

"ஊரு ஊராப் போயி வெள்ளி வெள்ளியாச் சேத்து வச்சவனுக்கு ஒத்த ரூவாயா? போ அப்பு, அவன் காசுல ஒண்ணை எடுத்தா. அதோட போகட்டும்."

ஈஸ்வரன் எழுந்து உள்ளே போனான். சுருளியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. அவன் வெளியே வந்தபோது கையில் எதுவும் இல்லை. அவளை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் அத்தையிடம், சாவியைக் காணவில்லை, ரூபாயே இருக்கட்டும் என்றான். சந்திரவல்லி முணுமுணுத்தாள். ஒரு ரூபாய்தான் நெற்றியில் ஒட்டப்பட்டது.

எடுத்துப்போவதற்கு முன்னால், ஈஸ்வரன் அவள் பக்கத்தில் வந்து குனிந்தான். மொட்டை போட்டிருந்தான். தலைமுடி இல்லாத அந்த முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. அத்தனையும் அவர்தான்.

"காசெல்லாம் நீங்களாம்மா கழுவுனது?"

"ஆமா. அவருக்குத் தெரியலைன்னாரு."

அவன் அலமாரி இருந்த பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

"பழைய காசைக் கழுவவே கூடாதும்மா. அந்தக் கறுப்பு அழுக்கு இல்ல. அதுக்கு வயசே அதான். அப்பா உயிரு மாதிரி வச்சிருந்தாரே, உங்ககிட்டச் சொன்னதே இல்லையா?"

கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். அவள் தோளைத் தொட்டு, சரி விடுங்க, அப்பாவுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்காது என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். பறை அதிர்ந்தது. பெண்கள் எழுந்து மார்பில் அடித்துக்கொண்டார்கள். சுருளியம்மாளும் எழுந்தாள். கை மார்பில் விழுந்துகொண்டிருந்தது. மனம் அந்தச் சன்னலோரத்தில் நின்றது. புளி போட்டியா என்று கேட்டாரே. ம் என்றாரே.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. கேதம் கேட்க வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எத்தனை நல்ல மனுசன், யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்விட்டார் என்றார்கள். பொன்னுமணி மலையிலிருந்து வந்து காலடியில் விழுந்து அழுதுவிட்டு, தாங்க மாட்டாமல், முதலாளி கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள். நல்லாத் தெரியுதுன்னு சொன்னாரு என்று சுருளியம்மாள் பதில் சொன்னாள். அது சாமியைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொண்டு பொன்னுமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நல்லாத் தெரியுது. எது தெரிந்தது? மூக்கா? இல்லை, அவள் செய்துவைத்த காரியமா? ஈஸ்வரன் சொன்ன மாதிரி கண் தெரியாததால் நிம்மதியாகப் போனாரா? அல்லது ஆயுசு முழுக்கக் காத்துவந்த ஒன்றை, போகிற நாளில் பெண்டாட்டி கொல்லைப்பக்கம் உட்கார்ந்து தேய்த்துக் கரைத்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டு, அதையும் வாய்க்குள் போட்டு விழுங்கிவிட்டுப் போனாரா? கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச நாளைக் கழித்துவிடலாம். அந்த மனுசர் அவளுக்கு அதைக்கூட விட்டுவைக்கவில்லை. சமையல்கட்டில் புளிப்பானையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுஜிதா குழம்பு வைத்தால், எனக்கு மோர் போதும் என்று ஒதுங்கிக்கொண்டாள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அவர் ஊரில் இல்லை. ஜக்கையன் கண் ஆபரேசனுக்காகச் சென்னையில் மகள் வீட்டில் இருந்தார். அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் எடுப்புக்கும் வரவில்லை, கருமாதிக்கும் வரவில்லை.

பந்தல் பிரித்துப் போன பிறகு, ஒரு முற்பகலில் அவர் வந்தார். வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். வாய் ஓயாத மனிதர், ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து, வெள்ளைத்துரையோடு எப்போதும் உட்காருகிற இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எதிர்ச்சுவரில் சாய ஆளில்லை. துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார். சுருளியம்மாள் கதவோரமாக உட்கார்ந்து அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

பிறகு எழுந்து போய் அந்த எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். மூக்கு ராசாவையும் முந்தானையிலிருந்து அன்றைக்கே அவிழ்த்து, துணியில் பொதிந்து அதிலேயே வைத்திருந்தாள்.

ஜக்கையன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தாடை ராசாவை விளிம்பில் இரு விரலால் பிடித்து எடுத்தார். சன்னல் பக்கம் சாய்த்தார். சாய்த்தபடியே இருந்தார். புதிதாகத் திறந்துவிட்ட கண் சுருங்கியது. பிறகு காசை உள்ளங்கைக்கு மாற்றி, கடையில் சில்லறை பார்க்கிற மாதிரி பெருவிரலை முகத்தில் வைத்துத் தேய்த்துவிட்டுக் கீழே வைத்தார். அடுத்தது பணியார ராசா. அதை விளிம்பில்கூடப் பிடிக்காமல் நேராகவே எடுத்தார். அடுத்து அம்மை போட்ட ராசா.

சுருளியம்மாள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பாற்ற வேண்டியதை விளிம்பில் பிடிப்பார்கள். காப்பாற்ற ஒன்றுமில்லாததை இப்படி.

"நாந்தான் தம்பி கழுவுனேன்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

"கண்ணு தெரியாட்டி, கழுவுனது தெரியாதுல்ல?"

ஜக்கையன் வெளியே பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். கேத வீடு என்று நினைவு வந்து உடனே அடங்கினார்கள். அவர் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தார் என்று அவளுக்குத் தெரிந்தது. அது கிடைக்காமல் திரும்பினார்.

"கண்ணு எதுக்கு மதினி. வெரலுக்கே தெரியும். வழுக்கும்."

தரையின் குளிர்ச்சி பாதத்தில் ஏறியது. ஆக அவருக்குத் தெரிந்திருக்கிறது. லேசாகத் தொட்ட அந்த நுனிவிரல் நின்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது.

ஜக்கையன் துணிப்பொதியைப் பிரித்தார். மூக்கு ராசா. மற்றவற்றைப் போலவே நேராக எடுக்கப் போனவரின் கை பாதியில் நின்றது. குனிந்தார். விரல்களை மெதுவாக மாற்றி விளிம்பில் பிடித்தார். சன்னலுக்கு நேராகத் தூக்கிச் சாய்த்தார். ராசாவின் கன்னத்தில், மூக்குக்கும் காதுக்கும் நடுவில், நீள்வட்டமாக ஒரு பழுப்பு படர்ந்திருந்தது. சுருள் சுருளாக, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடுகள்.

"இது யாரு கை?"

"அவரு. கடைசியா அதைத்தான் வச்சிருந்தாரு. பெருவிரலை வச்சு அழுத்திக்கிட்டே இருந்தாரு."

"அண்ணன் அப்படி வைக்க மாட்டாரே."

"வச்சாரு."

அவர் அந்தக் காசைத் தாழ்த்தவே இல்லை. நெடுநேரம் இருவருக்கும் நடுவே அது அந்தரத்தில் நின்றது. பேசியபோது ஜக்கையனின் குரல் மாறியிருந்தது.

"கழுவுன வெள்ளி மேல வெரலை வச்சா ரேகை விழுந்துரும் மதினி. தொடைச்சாலும் போகாது. நாளாக நாளாக அது மட்டும் கறுத்துக்கிட்டே வரும். நம்ம பேரம்பேத்தி காலத்துலயும் இருக்கும்." காசை அவள் பக்கம் திருப்பினார். "இதை எனக்குச் சொன்னதே அண்ணன்தான்."

மூக்கு ராசாவைத் தட்டில் விரித்த துணிக்கு நடுவில், முகம் மேலே இருக்க, மெல்ல இறக்கி வைத்தார். மற்ற காசுகளைத் தட்டில் ஒரு ஓரமாகத் தள்ளினார். சுஜிதா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஆடை படிந்தது. வெயில் சன்னலில் நகர்ந்து தட்டின் மேல் ஏறி, தட்டை விட்டு இறங்கியது.

கேத வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. ஜக்கையன் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், கண்ணாடியை மாட்டிக்கொண்டார், வாசலைப் பார்த்து நடந்தார். அவளும் வழியனுப்ப எழவில்லை. செருப்புச் சத்தம் தெருமுனையில் பஸ்சு சத்தத்தோடு கலந்து போயிற்று.

சுஜிதா ஈரத்துணியோடு வந்தாள். காப்பி டம்ளரை எடுத்தாள். டம்ளர் இருந்த வளையத்தைத் துடைத்தாள். அப்படியே தட்டைப் பக்கத்தில் இழுத்து, மூக்கு ராசாவின் மேல் படிந்திருந்த பழுப்பைப் பார்த்துவிட்டு, துணியை மடித்துக்கொண்டு குனிந்தாள்.

சுருளியம்மாள் கையை நீட்டிக் காசுக்கு மேலே குடை மாதிரி விரித்தாள். தொடவில்லை.

சுஜிதா நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். மடித்த துணியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு.